மின்சுற்றுப் பயிற்சிப் பெட்டி: வாங்கலாம், மூன்று பக்கங்களைத் திருத்திக்கொண்டு

மின்சுற்று படிக்கிற பிள்ளைகளுக்கென்று வரும் பயிற்சிப் பெட்டி ஒன்றைத் தங்கை மகளுக்காக வாங்கினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஏறக்குறைய இதே சாமான்கள் பல பெயர்களில் விற்கின்றன, அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். உள்ளே என்ன இருக்கிறது, கையேடு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது, மீட்டரை நம்பலாமா என்பதைத்தான் எழுதப்போகிறேன். நான் மோட்டார் பழுதுபார்க்கிறவன். மீட்டர் நாள் முழுக்கக் கையில் இருக்கும். இந்தப் பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு சோதனையையும் அவளோடு உட்கார்ந்து செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். கையேட்டில் மூன்று இடங்களைப் பெரியவர் யாராவது பேனாவால் திருத்திக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் ஒரு ப்ரெட்போர்டு (ஒயர்களைச் செருகிச் சுற்று அமைக்கும் துளைப் பலகை), 100 ஓமில் தொடங்கி 1 மெகா ஓம் வரை கால் வாட் ரெசிஸ்டர்கள், சிவப்பு, நீல எல்.இ.டி.கள், 6 வோல்ட்டுக்கான சின்ன இழை பல்பு இரண்டு, ஒரு திருகு ரெசிஸ்டர், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, அமுக்கு சுவிட்ச், 9 வோல்ட் பேட்டரிக்கான கிளிப், நான்கு செல் போடும் உறை, வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு கையேடு. பேட்டரி தனியாக வாங்க வேண்டும். ப்ரெட்போர்டின் பிடிப்பு நன்றாக இருக்கிறது. ஒயரைச் செருகினால் ஆடவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஓரத்தில் நீளமாகப் போகும் இரண்டு மின்வழிகளும் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கின்றன. வெளியே போட்டிருக்கும் கோட்டிலும் அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். அது தெரியாமல் ஒரு பாதியில் பேட்டரியையும் மறு பாதியில் பல்பையும் வைத்துவிட்டு எரியவில்லையே என்று தேடினால் வெகுநேரம் போய்விடும். மீட்டரின் பீப் ஒலியை வைத்து எந்தத் துளை எதோடு சேர்ந்திருக்கிறது என்று முதலில் ஒரு சுற்று பார்க்கச் சொல்லுங்கள். கையேடு இதைச் சொல்லவில்லை.

ஆனால் கையேட்டின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று 'கணக்கு', மற்றது 'அளவு'. கணக்குக் கட்டத்தை நிரப்பிய பிறகுதான் ஒயரைத் தொட வேண்டும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் என்கிற ஓம் விதி என் தங்கை மகளுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு பேட்டரியையும் ஒரு ரெசிஸ்டரையும் கையில் கொடுத்து, "இதுல எவ்வளவு கரண்ட் ஓடும்? செருகுறதுக்கு முன்னாடி சொல்லு" என்றால் அவளிடம் பதில் இல்லை. சூத்திரம் தெரிந்திருப்பதும், எதிரே இருக்கிற சாமானைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வதும் வேறு வேறு. இந்தப் பெட்டி இரண்டாவதைப் பழக்குகிறது.

முதல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் விடை நேராக மில்லி ஆம்பியரில் வந்துவிடும் என்பதை அவளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன். சுழியங்களை எண்ணித் தடுமாற வேண்டியதில்லை. 9-ஐ 1-ஆல் வகுத்து 9 மில்லி ஆம்பியர் என்று எழுதினாள். மீட்டர் 9.33 காட்டியது. "தப்பா மாமா?" என்றாள். இல்லை, இங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. பேட்டரியை அளந்தோம்: புதிது, 9.30 வோல்ட். ரெசிஸ்டரைத் தனியாக எடுத்து அளந்தோம்: 985 ஓம். தங்க நிறக் கோடு போட்டது, ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று அர்த்தம். 950 முதல் 1050 வரை எதுவாக இருந்தாலும் சரிதான். 9.30-ஐ 985 ஓமால் வகுத்தால் 9.44. இப்போது மீட்டர் கணக்கைவிடக் குறைவாகக் காட்டுகிறது! மிச்சம் இருப்பது மீட்டரே. கரண்டை அளக்கும்போது மீட்டரும் சுற்றில் ஒரு ரெசிஸ்டராக உட்கார்ந்துவிடுகிறது. இந்த மாதிரி மீட்டர்களில் 20 மில்லி ஆம்பியர் நிலையில் அது சுமார் 10 ஓம். பேட்டரிக்குள்ளேயும் ஓரிரு ஓம் உண்டு. எல்லாம் சேர்த்து 997 ஓம் என்று வைத்து வகுத்தால் 9.33 வந்து நிற்கிறது. அந்த நிமிடம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ரெசிஸ்டர் நிறக் குறியீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், போதுமானது. கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4 என்று போகும். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்றால் 330 ஓம். மூன்றும் ஆரஞ்சு என்றால் 33,000 ஓம். இரவு விளக்கு வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோல்தான் தெரியும். சந்தேகம் வந்தால் மீட்டரில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது, ஆனால் ரெசிஸ்டரைச் சுற்றிலிருந்து கழற்றிவிட்டு.

அப்புறம் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும். இங்கேதான் திருத்த வேண்டிய முதல் இடம். பல்பு 6 வோல்ட், 0.15 ஆம்பியர். ஆகவே மின்தடை 40 ஓம். இரண்டைத் தொடரில் போட்டால் 80 ஓம், 6 வோல்ட்டில் 75 மில்லி ஆம்பியர் ஓடும் என்று கையேடு கணக்கைத் தானே போட்டுக் காட்டுகிறது. செய்து பார்த்தால் 100 மில்லி ஆம்பியரை ஒட்டி வரும். ரெசிஸ்டரில் வந்த இரண்டு மூன்று சதவீத வித்தியாசம் இல்லை இது, மூன்றில் ஒரு பங்கு கூடுதல். குழந்தை தான்தான் ஏதோ தவறாகச் செருகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளும்.

உண்மை என்னவென்றால், பல்பின் டங்ஸ்டன் இழைக்கு நிலையான மின்தடை கிடையாது. சூடு ஏற ஏற மின்தடையும் ஏறும். அணைந்திருக்கும் பல்பை மீட்டரில் வைத்துப் பாருங்கள், 40 ஓம் இருக்காது. ஐந்து ஓம் பக்கத்தில்தான் காட்டும். முழு 6 வோல்ட்டில் வெள்ளையாக எரியும்போதுதான் அது 40 ஓம் ஆகிறது. தொடரில் ஒவ்வொன்றுக்கும் 3 வோல்ட்தான் கிடைக்கிறது, இழை அவ்வளவு சூடாவதில்லை, மின்தடை 30 ஓமிலேயே நின்றுவிடுகிறது. 3-ஐ 30-ஆல் வகுத்தால் 0.1 ஆம்பியர். மீட்டர் காட்டியது சரி, கையேடு போட்ட கணக்கு தவறு. மின்திறனையும் கணக்கிட்டுப் பார்த்தோம்: தனியாக எரியும்போது 6 வோல்ட்டை 0.15-ஆல் பெருக்கி 0.9 வாட், தொடரில் ஒவ்வொன்றிலும் 0.3 வாட். மூன்றில் ஒரு பங்கு. வெளிச்சமோ அந்த மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மங்கிய செம்மஞ்சள் நிறம்தான், ஏனென்றால் இழை குளிர்ந்தால் தருவதில் பெரும்பகுதி வெறும் வெப்பம். பல்பு மிக அருமையான பாடப்பொருள். ஆனால் தொடர் இணைப்புக் கணக்குக்கு முதல் உதாரணமாக அதை வைத்திருக்கக் கூடாது. அந்தக் கணக்கை முதலில் ரெசிஸ்டர்களால் செய்யுங்கள், பல்பைக் கடைசியில் கொண்டுவாருங்கள்.

பக்க இணைப்பைப் பொறுத்தவரை ஒரு விஷயம் பிள்ளைகளுக்குப் பிடிபட நேரமாகும். ரெசிஸ்டர் என்றால் தடுப்பது, இன்னொன்றைச் சேர்த்தால் இன்னும் தடுக்க வேண்டும் என்றுதான் தோன்றும். மூன்று 330 ஓமைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 110 ஓம் ஆகிறது என்பதை அவள் மீட்டரில் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள். ஒவ்வொன்றும் கரண்ட் போக இன்னொரு வழி திறக்கிறது. மொத்த மின்தடை எப்போதும் அதில் மிகச் சிறியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். விடை அதைவிடப் பெரிதாக வந்தால் கணக்கில் எங்கோ பிசகு என்று உடனே தெரிந்துகொள்ளலாம். கையேடு இதற்குத் தண்ணீர்க் குழாய் உவமையைச் சொல்கிறது. இந்த இடத்துக்கு அது பொருந்துகிறது. ஆனால் அதையே எல்லாப் பக்கத்திலும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். ஒயரை வெட்டினால் ஓட்டமே நின்றுவிடும். மூடிய சுற்று இருந்தால்தான் ஓட்டம் என்கிற முதல் பாடத்திலேயே அந்த உவமை உடைந்துபோகிறது.

இரண்டாவது திருத்தம் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். 9 வோல்ட் பேட்டரியோடு இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களை முதலில் தொடரிலும், பிறகு பக்கத்திலும் போடச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. தொடரில் போட்டால் 200 ஓம், 45 மில்லி ஆம்பியர், ஒவ்வொன்றிலும் சுமார் 0.2 வாட். கால் வாட் ரெசிஸ்டர் இதைத் தாங்கிவிடும், கொஞ்சம் சூடாகும். பக்க இணைப்பில் ஒவ்வொன்றுக்கும் முழு 9 வோல்ட்டும் கிடைக்கிறது. 9-ஐ 9-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 0.81 வாட். தாங்கக்கூடியதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். மேலே உள்ள வண்ணம் கருகும், வாடை வரும், விரல் பட்டால் சுடும். ஒயரைச் செருகும் முன் "வாட் கணக்கையும் போட்டுடு" என்று சொல்லியிருந்ததால் அவளே இதைக் கண்டுபிடித்து, "மாமா, இது தாங்காது" என்று நிறுத்திவிட்டாள். 9 வோல்ட்டுக்கு நேராகக் கால் வாட் ரெசிஸ்டரைப் போட வேண்டுமென்றால் குறைந்தது எத்தனை ஓம் வேண்டும் என்று திருப்பிக் கணக்குப் போட்டோம்: 81-ஐ 0.25-ஆல் வகுத்தால் 324. பெட்டியில் இருப்பதில் 330 மட்டுமட்டாகத் தேறும், புதுப் பேட்டரி என்றால் அதுவும் கொஞ்சம் தாண்டிவிடும். 1 கிலோ ஓம் என்றால் கவலையே இல்லை. அந்தப் பக்கத்தில் 100 என்று இருக்குமிடத்தில் எல்லாம் 1000 என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள், பாடம் துளியும் மாறாது.

மூன்றாவது திருத்தம் வரும் இடம்தான் எனக்கு இந்தப் பெட்டியிலேயே மிகச் சுவையான இடம். இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடரில் போட்டு, பேட்டரியின் வோல்ட்டை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பார்க்கும் சோதனை. 1 கிலோ ஓமும் 2.2 கிலோ ஓமும். 9.30 வோல்ட்டில் பெரியதற்குக் கிடைக்க வேண்டியது 9.30-ஐ 2.2-ஆல் பெருக்கி 3.2-ஆல் வகுத்தால் 6.39. மீட்டரும் அதையே ஒட்டிக் காட்டியது. சின்னதையும் அளந்து இரண்டையும் கூட்டினால் பேட்டரியின் வோல்ட் திரும்பக் கிடைக்கிறது. இதுதான் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் 1845-இல், மாணவராக இருந்தபோதே, சொன்ன விதிகளில் ஒன்று: ஒரு சுற்றை முழுக்க வலம்வந்தால் ஏறிய வோல்ட்டும் இறங்கிய வோல்ட்டும் சமம்.

சரி, அடுத்த வரியில் அதையே இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களை வைத்துச் செய்யச் சொல்கிறது கையேடு. சமமான இரண்டு, ஆகவே பாதிப் பாதி, 4.65 வோல்ட் வர வேண்டும். மீட்டர் 3.10 காட்டுகிறது. மற்றதை அளந்தால் அதுவும் 3.10. கூட்டினால் 6.20. மீதி 3.10 வோல்ட் எங்கே போயிற்று? கையேடு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. அச்சடிக்கும் முன் யாரும் இதைச் செய்து பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். வோல்ட்டை அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பெரிய மின்தடை இருக்கிறது. இந்த வகை எளிய மீட்டர்களில் அது 1 மெகா ஓம். நாம் அளக்கும் 1 மெகா ஓமுக்குப் பக்கத்தில் இன்னொரு 1 மெகா ஓம் வந்து சேர்ந்தால் அந்தப் பகுதி அரை மெகா ஓம் ஆகிவிடுகிறது. இப்போது பங்கீடு அரைக்கும் ஒன்றுக்கும் நடுவே: 9.30-ஐ 0.5-ஆல் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் 3.10. அட்சர சுத்தமாக! கிர்க்காஃப் விதி எங்கேயும் உடையவில்லை. ஒன்றை அளக்கும் நேரத்தில் மற்றதில் 6.20 இருக்கிறது, மீட்டரை அங்கே மாற்றியதும் சுற்றே மாறிவிடுகிறது. 1 கிலோ ஓம் சோதனையில் இது ஏன் தெரியவில்லை என்று அவளையே கேட்டேன். 1000 ஓமுக்குப் பக்கத்தில் பத்து லட்சம் ஓம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். பிறகு என் வேலை மீட்டரைக் கொண்டுவந்து வைத்தேன். அதன் உள்தடை 10 மெகா ஓம். கணக்குப்படி 4.43 வர வேண்டும், அதே அளவுதான் வந்தது. ஒரே சுற்று, இரண்டு மீட்டர், இரண்டு விடை, இரண்டும் ஓம் விதிக்கு உட்பட்டவை. இந்த ஒரு சோதனையை விளக்கத்தோடு போட்டிருந்தால் கையேட்டின் மதிப்பே வேறு. நீங்கள் வாங்கினால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'மீட்டரையும் 1 மெகா ஓமாகச் சேர்த்துக் கணக்குப் போடு' என்று எழுதிக்கொடுங்கள்.

எல்.இ.டி. பகுதியை நன்றாகவே செய்திருக்கிறார்கள். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை ரெசிஸ்டர் ஏற்கும், ஆகவே 9-இல் 2 போக 7 வோல்ட், அதை 330-ஆல் வகுத்தால் 21 மில்லி ஆம்பியர் என்று படிப்படியாக வருகிறது. நான் 470 ஓம் போட்டுக் கொடுத்தேன், 15 மில்லி ஆம்பியரே தாராளம். நீலத்துக்கு 3 வோல்ட் பக்கம் ஆகும் என்பதையும் சொல்கிறார்கள். திருகு ரெசிஸ்டரைத் திருப்பித் திருப்பி, வோல்ட் ஏற ஏறக் கரண்ட் எப்படி ஏறுகிறது என்று ரெசிஸ்டருக்கும் எல்.இ.டி.க்கும் வரைபடம் போடச் சொல்லும் பக்கம் உண்டு. ஒன்று நேர்கோடு, மற்றது ஒரு இடம் வரை படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழும். ஓம் விதி எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. கெப்பாசிட்டர் பக்கம் ஒப்புக்குத்தான். 10 கிலோ ஓமும் 1000 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் பத்து விநாடி, அதற்குள் பேட்டரியின் வோல்ட்டில் 63 சதவீதம் ஏறும், அதோடு முடிந்தது.

கையேட்டின் சிறந்த பக்கம் பேட்டரியின் அக மின்தடையைக் கண்டுபிடிப்பது. பேட்டரியைச் சும்மா அளந்தால் 9.30. மூன்று 330 ஓமைப் பக்க இணைப்பில் போட்டு, அமுக்கு சுவிட்சைச் சில விநாடி மட்டும் அழுத்தி அளந்தால் 9.14. ஓடும் கரண்ட் 9.14-ஐ 110-ஆல் வகுத்து 83 மில்லி ஆம்பியர். காணாமல் போன 0.16 வோல்ட்டை 0.083-ஆல் வகுத்தால் 1.9 ஓம். பேட்டரியைத் திறக்காமலே அதற்குள் இருப்பதைக் கணக்கிட்டுவிட்டோம். முதல் சோதனையில் தோராயமாகச் சேர்த்துக்கொண்ட அந்த ஓரிரு ஓம் இதுதான் என்று அவளே பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஓம் விதியைக் கண்டறிந்த ஜார்ஜ் சைமன் ஓமுக்கே இது தொல்லையாகத்தான் இருந்திருக்கிறது. அவர் காலத்து மின்கலங்களின் மின்னழுத்தம் ஓட்டம் தொடங்கியதும் நிலையாக நிற்காது. இயற்பியலாளர் போகென்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, இரு முனைகளின் வெப்ப வித்தியாசத்தால் மின்னழுத்தம் தரும், பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டைக்கு மாறி, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்துத்தான் சீரான மின்னழுத்தம் பெற்றார். அந்த அளவுகளின் மேல் எழுந்ததுதான் 1827-இல் அவர் புத்தகமாக வெளியிட்ட விதி. இதையெல்லாம் கையேட்டில் ஒரு பத்தியாகப் போட்டிருந்தால் பிள்ளைகள் ஆவலோடு படிப்பார்கள்.

மீட்டரைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு எச்சரிக்கை. இதன் முகப்பில் 600 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருக்கட்டும். முனை ஒயர்கள் மெலிசு, 10 ஆம்பியர் துளைக்கு உள்ளே ஃப்யூஸ் கிடையாது. இதை வீட்டு மின்சார பிளக்கில் வைக்கவே கூடாது. கையேட்டில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற இந்த வரி, முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும். பேட்டரியோடு இருக்கும்வரை மீட்டர் நம்பகமானது. என் வேலை மீட்டரோடு ஒப்பிட்டதில் வோல்ட்டிலும் ஓமிலும் ஒரு சதவீதத்துக்குள்தான் வித்தியாசம்.

எட்டாம் வகுப்புக்கு மேல், வகுத்தல் பெருக்கல் தடுமாறாத பிள்ளைக்கு இதைத் தாராளமாகக் கொடுக்கலாம். முதல் சில நாட்கள் பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது. நீண்ட நேரம் செய்யும் சோதனைகளுக்கு 9 வோல்ட் பேட்டரியைவிட நான்கு செல் உறையே லாபம், இரண்டாமது வெகுநாள் வரும். மில்லி ஆம்பியர் அளக்கும் நிலையில் மீட்டரை நேராகப் பேட்டரியின் இரு முனையிலும் வைத்தால் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும். கற்றுக்கொள்ளும் பிள்ளை ஒரு தடவையாவது அதைச் செய்யும். வாங்கும்போதே உதிரி ஃப்யூஸ் இரண்டு சேர்த்து வாங்கி வையுங்கள். எத்தனை மில்லி ஆம்பியர் என்று மீட்டரின் முகப்பிலேயே துளைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும், அதே அளவுதான் போட வேண்டும்.